பதினாறு மணி நேர ராத்திரி

சாயங்காலம் நாலு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. காற்றாடி மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசியில் ஒரு முனகலோடு நின்ற பிறகு, அந்தப் பழைய பஞ்சு குடோனுக்குள் ஆடுகள் அசைபோடும் சத்தம் ஆறுச்சாமிக்குத் தெளிவாகக் கேட்டது. ஈரத் துணியை ஈரத் துணியோடு வைத்துத் தேய்ப்பது போன்ற சத்தம். இருபத்திரண்டு ஆடுகள், இருபத்திரண்டு தாடைகள். சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் சாய்ந்து கிடந்தவனுக்கு அது பழகிப்போன தாலாட்டு.

ஆனால் அதில் ஒரு சத்தம் மட்டும் மேலே இருந்து வந்தது.

தகரக் கூரையில் பட்டுத் திரும்புகிறது என்றுதான் முதலில் நினைத்தான். காதைச் சுவரோடு வைத்தான். மற்ற சத்தமெல்லாம் இடுப்புக்குக் கீழே, தரையோடு தரையாகக் கேட்டது. இந்த ஒன்று நிற்கிற ஆளின் தலைக்கும் ஒரு முழம் மேலே கேட்டது. மெதுவான அசை. ஒரு பக்கம் அரைத்து, நிறுத்தி, விழுங்கி, மறுபடி ஒரு பக்கம். நல்ல வயதான ஒன்று அவசரமில்லாமல் மெல்லுகிற மாதிரி.

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பொங்கலூரில் இருந்து பல்லடம் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவதும் கேட்டது. குடோனுக்குள் ராத்திரி. அப்போதுதான் ஆரம்பித்து ஒரு மணி நேரமான ராத்திரி.

கரண்ட் வந்தது. காற்றாடி சுற்றியது. எதுவும் கேட்கவில்லை. ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுக்குத் தூக்கம்தான் முக்கியம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருசம் நிட்டிங் மெசின் ஓட்டியவன். எப்போதும் நைட் ஷிப்ட். டியூப் லைட்டுக்குக் கீழே நூல் சுற்றுவதையே பார்த்துப் பார்த்து, விடிந்து வந்து படுத்தால் மூடிய இமைக்குள்ளும் அந்த வெள்ளை வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. நாற்பத்தாறு வயதில் தூக்கம் சுத்தமாக விட்டுப்போனது. கண் குழிந்து, பேச்சு குழறி, ஒருநாள் நின்றபடியே மெசின் மேல் சாய்ந்துவிட்டான். கை தப்பியது பெரிய காரியம். அதற்குப் பிறகு தொண்ணூற்றிரண்டாம் வருசம் மாசி மாதம்தான் லிங்கசாமியின் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தான்.

லிங்கசாமிக்கு முப்பத்தைந்து வயது. சொந்தமாக எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருந்தார். காட்டன் போதாது, கம்பளி நூலிலும் ஸ்வெட்டர் போட வேண்டும், ஆடும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை. மலைப் பண்ணையில் இருந்து சீமை ஆட்டுப் பெட்டைகளை லாரியில் இறக்கினார். ஒரு வருசமாகியும் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. ரிட்டையர் ஆன மாட்டு டாக்டர் திருமூர்த்தியைக் கூட்டி வந்தார்.

"இது சீமை ரத்தம், ஆறுச்சாமி," என்றார் டாக்டர் முதல் நாள். "நம்ம குறும்பாடு மாதிரி வருசம் பூராப் பருவத்துக்கு வராது. பகல் சுருங்கி ராத்திரி நீள ஆரம்பிச்சாத்தான் அதுக ஒடம்பு முழிச்சுக்கும்."

"ராத்திரி நீளுதுன்னு ஆட்டுக்கு எப்படீங்க தெரியும்?"

"மூளைக்குள்ள பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி. கண்ணுல வெளிச்சம் படாதப்ப மட்டும் மெலட்டோனின்னு ஒன்னை ரத்தத்துல விடும். எத்தனை நேரம் விடுதோ அத்தனை நீளம் ராத்திரின்னு அது கணக்குப் பண்ணிக்கும். நம்ம ஊர்ல ராத்திரி அவ்வளவா நீளறதில்ல. நாமதான் நீட்டிக் குடுக்கோணும்."

அதற்குத்தான் குடோன். ஜன்னலையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, தார் பூசி, இரண்டு கதவு போட்டு, நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குத் திறந்து மேய்ச்சலுக்கு விட வேண்டும். மூணு மணிக்கு அடைக்க வேண்டும். பொழுது சாயும் வரை ஆறுச்சாமி அந்த இடைவெளியில் இருப்பான். கரண்ட் போனால் ஆடுகளுக்கு மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அஞ்சு மணிக்கு உள்ளே போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கென்று சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய ஒரு டார்ச். மங்கலான சிவப்பு அந்தச் சுரப்பைக் கெடுக்காது என்றார் டாக்டர்.

"மனுசனுக்கும் அந்தச் சுரப்பி இருக்குதுங்களா?" என்று கேட்டான் ஆறுச்சாமி.

டாக்டர் அவன் கண்ணைப் பார்த்தார். "இருக்குதப்பா. உனக்குத்தான் பத்தொம்பது வருசமா வேலையத்துக் கெடக்குது."

இரண்டாம் நாளே அவன் தூங்கினான். தாருக்கும் ஆட்டு மூத்திரத்துக்கும் பழைய பஞ்சுத் தூசிக்கும் நடுவே, கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாத இருட்டில், கிணற்றில் கல் விழுவது போல விழுந்தான். எழுந்தபோது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதான்.

அதனால்தான் அந்தச் சத்தத்தைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கதவைத் திறந்துவிடுவார்கள்.

அன்றைக்கு அஞ்சு மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே போனான். டார்ச்சின் சிவப்பு அவன் காலடியில் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு விழுந்தது. எல்லா ஆடுகளும் படுத்திருந்தன. எல்லாம் வடமேற்கு மூலையைப் பார்த்துப் படுத்திருந்தன. ஒன்றின் முகத்தில் வெளிச்சத்தைக் காட்டினான். கண் திறந்திருந்தது. தாடை ஆடவில்லை. அடுத்ததைப் பார்த்தான். அதுவும் ஆடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே தொட்டி வரை போனான். எந்த ஆடும் அசைபோடவில்லை.

காற்றாடி ஓசைக்கு அடியில் அசைபோடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

டார்ச்சை மூலைப் பக்கம் தூக்கியிருக்கலாம். கையைத் திருப்பினால் போதும். அவன் தரையைப் பார்த்தபடியே குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அது நின்றது. குடம் காலியானதும் தொடங்கியது. பின்னாலேயே நடந்து வந்து கதவை இழுத்துச் சாத்தினான். பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். பத்து நிமிசத்தில் தூங்கிப்போனான்.

அவன் மனைவி மயிலாள் இன்னும் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோட்டத்து மூலையில் முதலாளி கொடுத்த ஒற்றை அறையில் சோறு போடும்போது அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க, மொகம் தெளிஞ்சிருக்குதே."

"தூக்கம் வருது மயிலா."

"அந்த இருட்டுக்கு ஒரு தேங்காய் ஒடைக்கோணுமுங்க," என்று சிரித்தாள்.

அவனும் சிரிக்கப் பார்த்தான்.

ஏழாவது வாரம் ஆடுகள் பருவத்துக்கு வந்தன. டாக்டர் சொன்ன அடையாளமெல்லாம் இருந்தது. வாலைச் சொடுக்கிச் சொடுக்கி ஆட்டின. மேயாமல் அலைந்தன. ஆனால் பக்கத்துப் பட்டியில் கட்டியிருந்த கிடாயை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. ரெண்டரை மணிக்கே தானாக வந்து குடோன் கதவில் முட்டிக்கொண்டு நின்றன. கழுத்து மணி இல்லை, கத்தல் இல்லை. கதவைத் திறந்ததும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் ஓடின.

லிங்கசாமிக்குத் தாங்க முடியாத சந்தோசம். கிடாயின் நெஞ்சில் நீலச் சாயத்தைக் கிரீஸில் குழைத்துப் பூசச் சொன்னார். கிடாய் எந்தப் பெட்டை மேல் ஏறினாலும் அதன் இடுப்பில் நீலம் ஒட்டும். காலையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டியில் ஆளைக் கண்டாலே முட்ட வருகிற கிடாய், குடோன் வாசலுக்கு வந்ததும் நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டது. ஆறுச்சாமி கொம்பைப் பிடித்து இழுத்தான். லிங்கசாமி பின்னால் இருந்து தள்ளினார். அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. கத்தவில்லை. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியபோது, மறுபக்கம் அது கதவோடு ஒட்டி நின்று மூச்சுவிடுவது கேட்டது.

காலையில் ஏழு மணிக்குத் திறந்தான். கிடாய் நேற்று விட்ட இடத்திலேயே கிடந்தது. கதவில் முட்டி முட்டி நெற்றி பிளந்திருந்தது. ஒரு கொம்பு வேரோடு ஆடியது. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவின் உள்பக்கம் ஆள் உயரத்துக்கு நீலம்.

ஆடுகளில் ஒன்றின் மேலும் நீலம் இல்லை.

ஆனால் எல்லாப் பெட்டைகளும் அமைதியாக இருந்தன. வால் ஆட்டம் நின்றிருந்தது. பின்னிடுப்புக் கம்பளி நசுங்கிப் படிந்து ஈரமாக இருந்தது. அவன் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்த ஈரம். சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஆழக் கிணற்றுச் சேறு மாதிரி அப்படி ஒரு குளிர்ச்சி.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்துவிடுவார். கிடாய் ஒத்துவரவில்லை என்றால் இருட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுவார். குடோனைத் திறந்து போட்டுத் தறி போடுவார். டியூப் லைட் மாட்டுவார்.

ஆறுச்சாமி சாய டப்பாவை எடுத்து வந்தான். விரலால் குழைத்து ஒவ்வொரு ஆட்டின் இடுப்பிலும் பூசத் தொடங்கினான். ஒருநாளில் இத்தனை ஆகாது என்று தோன்றி, ஐந்துக்கு மட்டும் பூசிவிட்டு, மிச்சத்தை வருகிற நாட்களுக்கு வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் கிடாயை மூணு மணிக்குத் தென்னந்தோப்புக்குள் கட்டிவைத்து, காலையில் கொண்டுவந்து, ராத்திரி முழுக்கக் குடோனுக்குள் இருந்த மாதிரி காட்டினான். எட்டாம் நாள் கிடாய் தோப்பிலேயே செத்துக் கிடந்தது.

"வேலையை முடிச்சிட்டுத்தான் செத்திருக்குது," என்றார் லிங்கசாமி, நீலம் பூசிய இருபத்திரண்டு முதுகையும் பார்த்தபடி. "நல்லாப் பாத்துக்கிட்ட ஆறுச்சாமி."

அவன் நகக்கண்ணில் இருந்த நீலத்தை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டான்.

ஆடுகள் சினையாயின. இனி இருட்டு வேண்டாம், திறந்தே விடலாம் என்று டாக்டர் சொன்னார். விட்டுப் பார்த்தார்கள். மூணு மணிக்கு ஆடுகள் தானாகக் குடோனுக்கு வந்தன. கதவு திறந்திருந்தால் வாசலில் நின்று அவனையே பார்த்தன. சாத்துகிற வரைக்கும் பார்த்தன. முதலாளி, "அதுகளுக்குப் புடிச்ச மாதிரி இருக்கட்டுமப்பா," என்று விட்டுவிட்டார். ஆறுச்சாமி தினமும் சாத்தினான். பாயை விரித்தான்.

வைகாசி, ஆனி, ஆடி. காற்று மாதத்தில் கரண்ட் அடிக்கடி போனது. அப்போதெல்லாம் அந்த அசை கேட்டது. வடமேற்கு மூலையில் இருந்து கிளம்பி, வாரத்துக்கு ஒரு முழமாக இந்தப் பக்கம் வந்தது. ஆவணியில் சுவருக்கு மறுபக்கம், அவன் தலைமாட்டுக்கு நேர் மேலே கேட்டது. நடுவில் ஒரு செங்கல் கனம்தான். மெல்லும். நிறுத்தும். விழுங்கும். அவன் முழித்துக் கிடந்தால் அதுவும் நிறுத்திக் காத்திருக்கும். அவன் மூச்சு தூக்கத்துக்கு மாறினால் மறுபடி மெல்லும். எழுந்து ஓடிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். ஓடினால் எங்கே போவது? திரும்பவும் அந்த வெள்ளை வெளிச்சத்துக்கா? பயத்தைவிடக் களைப்பு பெரிதாக இருந்தது. பயந்துகொண்டே தூங்கினான்.

ஆவணிக் கடைசியில் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முதல் ஆட்டின் அடிவயிற்றில் வைத்த கையை அவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்காமல் எழுந்துகொண்டார். தொட்டியில் கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். முதலாளி போன் பேசப் போயிருந்த நேரம்.

"ஆறுச்சாமி. கிடாய் ஏறுனதை நீ கண்ணால பாத்தியா?"

இப்போது சொல்லிவிடலாம். இந்த மனுசர் நம்புவார். கதவைப் பெயர்த்து எறிவார். இன்றைக்கே.

இன்றைக்கு மூணு மணிக்கு எங்கே படுப்பது?

"பாத்தேனுங்க," என்றான்.

டாக்டர் தலையை ஆட்டினார். அவன் சொன்னதை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டபோது உடம்பு சுகமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

புரட்டாசி பிறந்து நாலு நாள். காலை ஏழு மணி. நல்ல வெயில். ஆறுச்சாமி இரண்டு கதவையும் திறந்தான்.

வெளிச்சம் வாசப்படியோடு நின்றது.

கொஞ்ச நாளாகவே உள்ளே விழுகிற வெயில் குறைந்துகொண்டுதான் வந்தது. அன்றைக்கு ஒரு விரற்கடைகூட உள்ளே போகவில்லை. கதவுச் சட்டத்துக்குள் தார் ஊற்றி நிரப்பினது போல இருட்டு நின்றது. அதற்குள் இருந்து ஆடுகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்தன.

வயிறு ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும். மடி சிவந்து, காம்பு ஈரமாக, யாரோ அப்போதுதான் குடித்துவிட்டு விட்ட மாதிரி இருந்தது. பின்னால் ஒரு குட்டியும் வரவில்லை. ரத்தம் இல்லை. நஞ்சுக்கொடி இல்லை. ஆடுகள் போய்ப் புல்லில் வாய் வைத்தன.

அவன் வாசலிலேயே நின்றான். ஒன்பது மணிக்கு லிங்கசாமியின் கார் வந்து நின்றது.

"போட்டிருச்சா?" ஓடி வந்தார். ஆடுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எங்கப்பா குட்டிக?"

"உள்ள..." ஒரு கையை வாசலுக்குக் குறுக்கே நீட்டினான். "உள்ள போக வேண்டாமுங்க மொதலாளி. மொதல்ல டாக்டரைக் கூப்பிடலாமுங்க."

"போப்பா நீ ஒருத்தன்." காரில் இருந்து பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டார். வெள்ளை வெளிச்சம். அதைப் போட்டுக்கொண்டு படி தாண்டினார். முதுகு மறைந்தது. வெளிச்சமும் மறைந்தது.

ஆறுச்சாமி காத்திருந்தான்.

செருப்புச் சத்தம் ஏழெட்டு அடி கேட்டது. நின்றது.

"அடடா," என்றார் உள்ளே. குழந்தையைப் பார்த்துச் சொல்வது போல. "அடடா."

பிறகு ஒன்றுமில்லை.

"மொதலாளிங்க?"

புல்லில் இருந்த ஆடுகள் தலையைத் தூக்கின. மேய்வதை விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்தன. காம்புகளில் இருந்து பால் தானாகச் சொட்டியது. மண்ணில் வெள்ளைப் புள்ளிகளாக. அவன் காலை உரசிக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசி ஆடும் போயிற்று.

"மொதலாளிங்க. வெளிய வந்துருங்க. நான் பொய் சொன்னேனுங்க. கிடாய் ஏறவே இல்லீங்க. நான்தான் சாயம் பூசினேனுங்க." கதவுச் சட்டத்தைத் தட்டினான். "கேக்குதுங்களா?"

"தெரியுமுங்க."

லிங்கசாமியின் குரல்தான். மெதுவாக, மரியாதையாக. பத்து வயதுக்கு மேல் மூத்தவன் என்றாலும் அவர் ஆறுச்சாமியை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசினதில்லை.

"வாங்க. ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. வந்து கதவைச் சாத்துங்க. குட்டிகளுக்குக் கண்ணு கூசுதுங்க."

ஓடியிருக்க வேண்டும். பஸ் ரோடு கூப்பிடு தூரம். ஆனால் அவரை உள்ளே தள்ளிவிட்டது தன் பொய் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இடைவெளியில் இருந்த சிவப்பு டார்ச்சை எடுத்தான். படி தாண்டினான்.

குளிர். பால் வாடை.

டார்ச்சின் சிவப்பு வட்டத்தைத் தரையில் உருட்டிக்கொண்டே போனான். செருப்பு ஒன்று. அணைந்த பெரிய டார்ச். ஆட்டுக் கால்கள். வட்டமாக நிற்கின்றன. நடுவில் மனுசக் கால். வேட்டி.

இந்தத் தடவை டார்ச்சைத் தூக்கினான்.

லிங்கசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் கழன்றிருந்தன. மார்பு, வயிறு, தொடை எங்கும் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. கறுத்த, ஈரமான, குட்டி குட்டியான முதுகுகள். உறிஞ்சும்போது எல்லாம் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. அவர் கண் திறந்திருந்தது. சிரித்தபடி இருந்தார். கன்னம் ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்தது.

டார்ச் வெளிச்சம் பட்டதும் குட்டிகள் உறிஞ்சுவதை நிறுத்தின. தலைகள் திரும்பின. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பளி. வழவழவென்று, தையல் இல்லாமல்.

பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஒரு குட்டி இறங்கியது. தரையை முகர்ந்து முகர்ந்து வந்தது. அவன் காலைச் சுற்றியது. தொங்கிக்கொண்டிருந்த இடது கை விரலைத் தேடிப் பிடித்துச் சூப்பத் தொடங்கியது. நாக்கு குளிர்ச்சியாக இருந்தது.

செம்மறிக் குட்டிக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது.

இதற்கு இருந்தது.